கொல்கத்தா கரன்சி பில்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொல்கத்தாவின் பி.பி.டி. பாக் சதுக்கத்தில் நிற்கிறது கரன்சி பில்டிங். வங்கியாகக் கட்டப்பட்டு, அரசின் நோட்டு அலுவலகமாகி, பின்னர் கிடங்காகி, பாதி இடிபட்ட நிலையில் மீட்கப்பட்ட கட்டடம் இது. எதிரே பழைய தலைமைச் செயலகமான ரைட்டர்ஸ் பில்டிங்கின் செந்நிறமும் தலைமை அஞ்சல் நிலையத்தின் வெள்ளைக் குவிமாடமும் கண்ணைப் பிடித்துக்கொள்வதால் இதை எளிதாகக் கடந்து போய்விடலாம். அப்படிப் போய்விடக் கூடாது என்பதற்காகவே இந்தப் பக்கம்.

இது எந்த வங்கிக்காகக் கட்டப்பட்டது?

ஆக்ரா வங்கியின் கல்கத்தா கிளைக்காக. கட்டடத்துக்குத் தரப்படும் ஆண்டு 1833. ஆக்ராவில் அந்த வங்கி தொடங்கப்பட்டதும் அதே ஆண்டுதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளும் வணிகர்களும் பணம் போட்டு வளர்ந்த வங்கி. கல்கத்தா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகர். பின்னாளில் டல்ஹவுசி சதுக்கம் என்று பெயர்பெற்ற அதன் மையச் சதுக்கத்தில் (இன்றைய பி.பி.டி. பாக்) அலுவலகம் வைத்திருப்பதே ஒரு வங்கிக்குப் பெருமை.

கட்டடத்தின் அமைப்பு எப்படி?

மூன்று தளங்கள், இத்தாலியப் பாணி, செங்கல் கட்டுமானம். முகப்பின் நடுவே தேனிரும்பில் செய்த மூன்று பகுதிக் கதவு. பூ வேலைப்பாடு நிறைந்த அந்தக் கதவைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை போகலாம். வெனிஸ் நகரத்து மாளிகைகளை நினைவூட்டும் சன்னல்கள். தரையில் பளிங்கும் சுனார் மணற்கல்லும். சுனார், வாராணசிக்கு அருகே கங்கைக் கரையில் உள்ள ஊர். அசோகரின் தூண்களுக்குக் கல் தந்த அதே சுரங்கப் பகுதி. கூரைகள் இரும்பு உத்தரங்களுக்கு நடுவே சிறுசிறு செங்கல் வளைவுகளாகக் கட்டப்பட்டவை.

எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக இருந்தது மையக் கூடம். அதன் மேலே வெளிச்சம் இறங்கும் பெரிய குவிமாடங்கள். மக்கள் வந்து நின்ற இடம் அதுதான். நோட்டு, தங்கம், வெள்ளி, சில்லறை என்று மாற்றிக்கொள்ளும் கவுண்டர்கள் அங்கேதான் இருந்தன. இன்று அந்தக் கூடத்துக்குக் கூரை இல்லை. காரணத்தைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கால வங்கிகள் ஏன் இவ்வளவு ஆடம்பரமாகக் கட்டிக்கொண்டன?

நம்பிக்கை ஊட்டத்தான். வங்கியில் பணம் போட்டவருக்கு அன்று வேறு எந்தக் காப்பும் கிடையாது. வங்கி மூழ்கினால் பணமும் மூழ்கும். தடித்த சுவரும் பளிங்குத் தரையும் இரும்புக் கதவும் ‘நாங்கள் நாளைக்கும் இங்கேதான் இருப்போம்’ என்று வாடிக்கையாளரிடம் சொல்லாமல் சொல்லின.

ஆனால் முகப்பு எந்த வங்கியையும் காப்பாற்றியதில்லை. சென்னையில் பெரும்புகழோடு இருந்த ஆர்பத்நாட் நிறுவனம் 1906 அக்டோபரில் கதவை மூடியபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போயிற்று. அந்த அதிர்ச்சியின் விளைவாகத்தான் 1907 இல் இந்தியன் வங்கி பிறந்தது. அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டு ஆகி, 1960 இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்த பின்புதான், வைப்புத்தொகைக்குக் காப்பீடு என்ற ஏற்பாடு 1962 இல் நடைமுறைக்கு வந்தது. அந்தக் காப்பீடு செய்யும் வேலையை அதற்கு முன்பு கல்லும் சுண்ணாம்பும் செய்வதுபோல் காட்டிக்கொண்டிருந்தன. பழைய வங்கிக் கட்டடங்களைப் பார்க்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொண்டால், அவற்றின் அழகு வேறு மாதிரி தெரியும்.

ஆக்ரா வங்கிக்கு என்ன ஆயிற்று?

1864 இல் லண்டனின் மாஸ்டர்மன் வங்கியோடு இணைந்தது. 1866 மே மாதம் லண்டனில் ஓவரெண்ட் கர்னி என்ற பெரிய நிதி நிறுவனம் சரிந்தது. பீதி பரவி, அடுத்த மாதமே இந்த வங்கியும் பணம் தருவதை நிறுத்தியது. மறு ஆண்டு பழைய பெயரில் மீண்டும் திறந்தாலும் முன்பிருந்த நிலை திரும்பவில்லை. 1900 இல் ஒரேயடியாகக் கலைக்கப்பட்டது. இதற்கிடையில், 1868 இல், கல்கத்தா கட்டடம் அரசின் கைக்கு வந்தது. அப்போதுதான் ‘கரன்சி’ என்ற பெயர் இதனோடு ஒட்டிக்கொண்டது.

கரன்சி அலுவலகம் என்றால் என்ன? அங்கே நோட்டு அச்சடித்தார்களா?

இல்லை. தொடக்க கால நோட்டுகள் இங்கிலாந்தில் அச்சாகி வந்தன. இங்கே நடந்தது நோட்டை வெளியிடும் வேலையும், திரும்ப வந்த நோட்டுக்கு உலோகக் காசு கொடுக்கும் வேலையும்.

1861 வரை இந்தியாவில் நோட்டு வெளியிட்டவை வங்கிகள். வங்காளம், பம்பாய், மெட்ராஸ் என்ற மூன்று மாகாண வங்கிகளுக்கும் தனித்தனி நோட்டுகள் இருந்தன. 1861 ஆம் ஆண்டின் காகிதச் செலாவணிச் சட்டம் அந்த உரிமையை அரசுக்கு மட்டுமே உரியதாக்கியது. இந்தத் திட்டத்தை முன்வைத்தவர் இந்தியாவின் முதல் நிதி உறுப்பினர் (நிதியமைச்சர் போன்ற பதவி) ஜேம்ஸ் வில்சன். சட்டம் நிறைவேறுவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை, 1860 இல் கல்கத்தாவிலேயே இறந்துவிட்டார்.

சட்டத்தின் உள்ளடக்கம்தான் இந்தக் கட்டடத்தைப் புரியவைக்கிறது. வெளியிட்ட நோட்டுகளில் 4 கோடி ரூபாய் வரைக்கும் அரசுக் கடன் பத்திரங்களை ஈடாகக் காட்டலாம். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் நாணயமோ உலோகக் கட்டியோ கையிருப்பில் இருந்தாக வேண்டும். நோட்டைக் கொண்டுவந்து நீட்டியவருக்குக் காசை எண்ணிக் கொடுத்தாக வேண்டும்.

ஒரு வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது சுமார் 11.66 கிராம். 1,000 ரூபாய் நோட்டு ஒன்றை மாற்றினால் பதினொன்றரைக் கிலோவுக்கு மேல் வெள்ளி. ஒரு லட்சம் ரூபாய் என்றால் 1,166 கிலோ. கோடிக்கணக்கில் பணம் புரண்ட நகரத்தில் எவ்வளவு எடையை வைத்து, நகர்த்தி, எண்ணி, பூட்டியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று மேசை இழுப்பறையில் அடங்கிவிடும் தொகைக்கு அன்று ஒரு மாட்டுவண்டி வேண்டியிருந்தது. தடித்த சுவர்களும் உறுதியான தரையும் வேலைக்குத் தேவைப்பட்டவை. அழகுக்காகச் சேர்ந்தவை அவற்றின் மேல் பூசப்பட்ட சாந்து வேலைகள்தான்.

அந்தக் காலத்து மெட்ராஸ் நோட்டு கல்கத்தாவில் செல்லுமா?

சட்டப்படி செல்லாது. நாடு பல செலாவணி வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் ஆகியவை முதலில் வந்தவை. ரங்கூன், லாகூர், கராச்சி, கான்பூர் ஆகியவற்றையும் சேர்த்து ஏழாயின. ஒரு வட்டத்தின் நோட்டு அந்த வட்டத்துக்குள்தான் சட்டப்படி செல்லுபடியாகும். மெட்ராசில் வாங்கிய நூறு ரூபாய் நோட்டோடு கல்கத்தாவில் இறங்கிய வியாபாரி, எதிரில் இருப்பவர் மனம் வைத்தால்தான் அதைச் செலவழிக்க முடியும்.

இந்த எல்லைகள் மெதுவாகத்தான் அழிந்தன. 1903 இல் ஐந்து ரூபாய் நோட்டு பர்மா தவிர்த்து எங்கும் செல்லும் என்றாயிற்று. 1910 இல் பத்தும் ஐம்பதும், 1911 இல் நூறும் அந்த நிலைக்கு வந்தன. இந்தியா முழுக்க ஒரே பணம் என்பது நாம் நினைப்பதைவிட இளைய விஷயம்.

நோட்டை இரண்டாக வெட்டி அனுப்பினார்களாமே, உண்மையா?

உண்மை. வழிப்பறிக்கும் அஞ்சலில் தொலைவதற்கும் பயந்து, நோட்டின் ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள். அது போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்த பிறகு மறுபாதி போகும். ஒற்றைப் பாதியால் திருடனுக்குப் பயனில்லை. சேகரிப்பாளர்களிடம் இன்றும் இப்படிப்பட்ட அரை நோட்டுகளும், ஒட்டிச் சேர்த்த நோட்டுகளும் உண்டு.

ரிசர்வ் வங்கி இங்கேதான் தொடங்கியதா?

ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1 அன்று செயல்படத் தொடங்கியபோது அதன் மைய அலுவலகம் கல்கத்தாவில் இருந்தது, 1937 இல் பம்பாய்க்கு நிரந்தரமாக மாறியது. நோட்டு வெளியிடும் பொறுப்பு அரசிடமிருந்து ரிசர்வ் வங்கிக்குப் போனதால், கரன்சி அலுவலகத்தின் வேலையும் அதனோடு சேர்ந்தது. ரிசர்வ் வங்கி தன் பெயரில் வெளியிட்ட முதல் நோட்டு, 1938 ஜனவரியில் வந்த ஐந்து ரூபாய்.

இதை இடிக்கப் போனது யார்? எப்படித் தடுத்தார்கள்?

பின்னாளில் கட்டடம் மத்தியப் பொதுப்பணித் துறையிடம் வந்து, சாமான்கள் போட்டுவைக்கும் இடமாகிப்போனது. 1994 இல் இடித்துவிடத் திட்டம் போட்டார்கள். 1996 இல் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இடிபட்டது. 1998 இல் இந்தியக் கலை மற்றும் பண்பாட்டு மரபுக்கான தேசிய அறக்கட்டளையும் (இன்டாக்) கொல்கத்தா மாநகராட்சியும் தலையிட்டு நிறுத்தின. அதற்குள் மையக் கூடத்தின் குவிமாடங்கள் போய்விட்டன.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. போரோ பூகம்பமோ வெள்ளமோ இதை உடைக்கவில்லை. பேணிக் காக்க வேண்டிய பொறுப்பு இருந்தவர்களே உடைத்தார்கள். முகப்பு தெருவைப் பார்த்து நிற்பதால் ஊர் கண்ணில் பட்டது, உள்கூடம் சுவருக்குப் பின்னால் இருந்ததால் அதன் இழப்பு வெளியே தெரிய நேரமாயிற்று. நம் ஊர்களில் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் சாகின்றன.

2003 இல் கட்டடத்தின் பொறுப்பு இந்தியத் தொல்லியல் துறைக்கு மாறியது. உலக நினைவுச்சின்ன நிதியம் டல்ஹவுசி சதுக்கம் முழுவதையும் 2004, 2006 ஆண்டுகளுக்கான, ஆபத்தில் இருக்கும் மரபிடங்களின் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்ததும் இக்காலத்தில்தான்.

குவிமாடங்களை ஏன் திரும்பக் கட்டவில்லை?

அடிக்கடி வரும் கேள்வி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கூடம்தான் கட்டடத்தின் உயிர், அது இல்லாமல் மீட்பு முழுமை பெறாது என்பவர்கள் இருக்கிறார்கள். மேலிருந்து இறங்கும் வெளிச்சம் இல்லாமல் அந்தக் கூடம் எப்படி இருந்தது என்று யாராலும் உணர முடியாது என்பது அவர்கள் வாதம்.

என் கட்சி மறுபக்கம். நடுப்பகுதி இன்று திறந்த முற்றமாக இருக்கிறது. பூச்சு உதிர்ந்த செங்கல் வளைவுகள் நாலா பக்கமும் அப்படியே தெரிகின்றன. புதிதாகக் குவிமாடம் எழுப்பியிருந்தால் அது 21 ஆம் நூற்றாண்டின் குவிமாடமாக இருந்திருக்கும். பார்ப்பவர் அதைப் பழையது என்று நம்பியிருப்பார், இடித்த கதையும் அதன் கீழே மறைந்திருக்கும். இப்போது உள்ளே வரும் பள்ளிப் பிள்ளை “மேலே கூரை எங்கே?” என்று கேட்காமல் போக முடியாது. அந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

தவிர, வெட்டுவாய் தெரியும்போது கட்டுமானமும் தெரிகிறது. செங்கல்லை எப்படி அடுக்கி வளைத்தார்கள், சுவர் எவ்வளவு தடிமன், சாந்து எத்தனை கனம் என்பதெல்லாம் பூச்சு மூடிய சுவரில் காணக் கிடைக்காது. கட்டடக்கலை படிப்பவர்களுக்கு இந்த முற்றம் ஒரு பாடப்புத்தகம்.

இத்தகைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதில் எது கடினம்?

முதல் எதிரி சிமென்ட். அன்றைய செங்கல் சுவர்கள் சுண்ணாம்பும் செங்கல் தூளும் (சுர்க்கி) கலந்த சாந்தில் கட்டப்பட்டவை. இந்தச் சாந்து ஈரத்தை வாங்கும், வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். உப்பு பூத்து, செங்கல் பொடிந்து, சில மழைக்காலங்களில் பூச்சோடு சேர்ந்து செங்கல்லின் முகமும் கழன்று விழும். அவசரமாகவும் மலிவாகவும் செய்த சிமென்ட் பூச்சைச் சுவருக்குக் காயம் படாமல் எடுப்பதே பல இடங்களில் பாதி வேலை.

அடுத்தது இரும்பு. கூரை வளைவுகளைத் தாங்கும் உத்தரங்கள் துருப்பிடித்தால் பருக்கும். பருத்த இரும்பு சுற்றியுள்ள செங்கல்லைப் பிளக்கும். கீழிருந்து பார்த்தால் உத்தரத்தின் நீளத்துக்குக் கோடு போட்டதுபோல் விரிசல் தெரியும். கங்கைச் சமவெளியின் ஈரக் காற்றில், கூரை ஒழுகும் கட்டடத்தில், இது வேகமாக நடக்கும். அரசமரக் கன்று மூன்றாவது. அதைப் பற்றித் தமிழ்நாட்டுக் கோபுரங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மெட்ரோ சுரங்கம் இதன் அருகே போகிறதே, பாதிப்பில்லையா?

1958 ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தில் 2010 இல் செய்த திருத்தப்படி, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும். கொல்கத்தாவின் கிழக்கு-மேற்கு மெட்ரோ பாதை இந்த எல்லைக்குள் வந்தது. கரன்சி பில்டிங்கோடு, மேகன் டேவிட், பெத் எல் என்ற இரண்டு யூதத் தொழுகைக்கூடங்களும் பாதைக்கு அருகே இருந்தன. சுரங்கம் தோண்டுவது இதனால் சிக்கலாகி, 2017 இல் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதி கிடைத்த பிறகே தொடர்ந்தது.

அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு இடித்துத் தள்ளப் பார்த்த கட்டடத்துக்காக ஒரு மெட்ரோ திட்டம் காத்திருந்தது என்பதை நினைக்க எனக்கு மகிழ்ச்சிதான்.

இப்போது அங்கே என்ன இருக்கிறது?

2020 ஜனவரி 11 அன்று பிரதமர் மோதி இதை மக்களுக்கு அர்ப்பணித்தார். பெல்வெடேர் ஹவுஸ், மெட்காஃப் ஹவுஸ், விக்டோரியா நினைவு மண்டபம் ஆகியவையும் அன்று அதே நிகழ்வில் சேர்ந்தவை. திறந்த கையோடு, 18 முதல் 20 ஆம் நூற்றாண்டு வரையிலான வங்காளக் கலையைக் காட்டும் பெரிய கண்காட்சி நடந்தது. கண்காட்சிகள் காலத்துக்குக் காலம் மாறும் என்பதால், போகும் முன் தொல்லியல் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

ஓவியங்களுக்கு இந்த அறைகள் நன்றாகப் பொருந்துகின்றன. உயர்ந்த கூரை, தடித்த சுவர், ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தானாக இட்டுச்செல்லும் வாசல்கள். ஆனாலும் ஒரு குறை உண்டு. நோட்டும் வெள்ளியும் கைமாறிய இதே கூடத்தில், ஒரு சாமானியன் காகிதத்தை நீட்டிக் காசு வாங்கிய கதை நிரந்தரமாகச் சொல்லப்பட வேண்டும். ஓர் அறை போதும். பணத்தின் வரலாற்றை அறிய விரும்புபவர் இப்போதைக்குக் கவுன்சில் ஹவுஸ் தெருவில் 2019 இல் திறந்த ரிசர்வ் வங்கி அருங்காட்சியகத்துக்குப் போகலாம். நடக்கும் தூரம்தான்.

ஹோட்டலாக மாற்றியிருந்தால் வருமானம் வந்திருக்குமே?

உலகெங்கும் பழைய வங்கிகள் ஹோட்டலாக, உணவகமாக, நூலகமாக மாறியிருக்கின்றன. கூடம் பெரிது, பெட்டக அறை விந்தையானது, இடமோ நகரின் நடு மையம், ஆகவே தொழில் செய்பவர்கள் விரும்புவார்கள். ஆனால் ஹோட்டல் என்றால் அறைக்கொரு குளியலறை, குழாய்கள், குளிர்சாதனம், மின்தூக்கி. ஒவ்வொன்றும் சுவரைத் துளைக்கும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் அதற்கு இடமில்லை. கண்காட்சிக்கு விளக்கும் பலகையும் போதும், நாளை எடுத்துவிட்டால் சுவர் பழையபடி இருக்கும். ஏற்கெனவே இவ்வளவு இழந்த கட்டடத்துக்கு இந்த மென்மையான பயன்பாடே சரி.

சென்னையில் இதற்கு இணையான கட்டடம் உண்டா?

உண்டு. ராஜாஜி சாலையில் இருக்கும் ஸ்டேட் வங்கியின் பிரதான கிளை. 1843 இல் உருவான மெட்ராஸ் வங்கிக்காக 1890களில் எழுந்தது. கட்டடக்கலைஞர் ஹென்றி இர்வினின் கைவண்ணம், கட்டியவர் ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டி. இந்தோ-சாரசெனிக் பாணி. 1921 இல் இம்பீரியல் வங்கி, 1955 இல் ஸ்டேட் வங்கி என்று பெயர்ப்பலகை மாறியதே தவிர தொழில் மாறவில்லை.

ஒரு வங்கிக் கட்டடத்துக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்வு இதுதான், வங்கியாகவே நீடிப்பது. தினமும் ஆள் புழங்கினால் ஒழுகும் இடம் மறுநாளே கண்ணில் படும். ஆனால் புழக்கத்துக்கும் ஆபத்து உண்டு. 2014 ஜூலையில் நடந்த தீ விபத்து இந்தக் கட்டடத்தின் மேல்தளத்தைக் கடுமையாகப் பாதித்தது. பழைய மரக்கூரையின் கீழே இன்றைய மின்சாரச் சுமையை ஓட்டும் எல்லாக் கட்டடங்களுக்கும் இந்த அச்சம் இருக்கிறது.

எப்படிப் போவது? எவற்றைத் தவறவிடக் கூடாது?

கிழக்கு-மேற்கு மெட்ரோவில் மகாகரண் நிலையத்தில் இறங்குங்கள். 2024 மார்ச்சில் திறந்த நிலையம், சதுக்கத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அலுவலகக் கூட்டம் இல்லாததால் முகப்புகளை நின்று நிதானமாகப் பார்க்கலாம். கரன்சி பில்டிங்கில் முதலில் வாசலின் இரும்புக் கதவு. உள்ளே போனதும் முற்றத்தின் நடுவில் நின்று வளைவுகளின் வெட்டுவாயைப் பாருங்கள், செங்கல் வரிசைகளைக் கண்ணால் எண்ணிவிடலாம். மாடியில் தரையைக் கவனியுங்கள், பளிங்கும் மணற்கல்லும் அடுத்தடுத்து வரும். வெளியே வந்தபின் லால் திகி குளத்தைச் சுற்றி ஒரு நடை. வடக்கே ரைட்டர்ஸ் பில்டிங், மேற்கே 1868 இல் திறந்த தலைமை அஞ்சல் நிலையம். கரன்சி பில்டிங் அரசின் கைக்கு வந்த அதே ஆண்டு.